எங்கள் ஆபீஸில் முளைத்த தாடி

மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு டிஜிட்டல் கேமராவில் தெளிவாகப் படம் எடுப்பது எப்படி என்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமாம். ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை இருக்காது என்று யாரோ சரியாகக் கணித்திருக்கிறார்கள்.

விஷயம் சின்னது. கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். கண்ணாடியைப் போட்டபடியே உள்ளே பாருங்கள். அங்கே தெரியும் எண்களும் கோடுகளும் துல்லியமாகும்வரை சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு அதைத் தொடாதீர்கள், மற்றவர்களையும் தொட விடாதீர்கள். மேலே தூரத்துக்கு, கீழே படிப்பதற்கு என்று இரட்டைக் கண்ணாடி போட்டவர்கள் மேல்பாதி வழியாகவே பாருங்கள். கண்ணாடி இடிப்பதால் காட்சியின் ஓரங்கள் உங்களுக்குத் தெரியாது. தெரியாத ஓரத்தில் யாராவது மூக்கை நோண்டிக்கொண்டிருப்பார் என்று வைத்துக்கொண்டு எடுங்கள், பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். கேமராவின் பின்பக்கத் திரையை நம்பாதீர்கள். தீப்பெட்டி அளவில் எல்லாப் படமும் தெளிவு, எல்லா மனிதரும் அழகு.

அவ்வளவுதான். டீ குடிக்கப் போகிறவர்கள் போகலாம். மற்றவர்களுக்கு, அந்தச் சக்கரத்தால் ஒரு மனிதர் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார நேர்ந்த கதையைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து நாலு வாக்கில் நான் ஒரு தினசரியின் தாம்பரம் அலுவலகத்தில் போட்டோகிராபராக இருந்தேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. செய்தியைவிட முட்டை பப்ஸின் வாசனை அங்கே சீக்கிரம் வந்து சேரும். போட்டோகிராபர்கள் இரண்டு பேர். டிஜிட்டல் கேமரா ஒன்று. செய்தி என்பது ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் நடக்கும் என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை. அந்தக் கேமரா, பீரோவில் பூட்டி வைக்கப்பட்டு, காலையில் முதலில் வருபவரின் கழுத்தில் ஏறும்.

இன்னொரு போட்டோகிராபர் என்னைவிடப் பல வருடம் மூத்தவர். சீனியர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஃபிலிம் காலத்தில் அவர் பெரிய கை. வெயிலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒளியை அளக்கும் மீட்டர் இல்லாமலே கேமராவைத் திருகி வைப்பார். படம் சரியாக வரும். ஆனால் வயது யாரையும் பத்திரிகைக்காரர் என்று பார்த்து விட்டுவிடுவதில்லை. பேப்பரை முதலில் ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். பிறகு கை போதாமல் மேசைமேல் விரித்துவிட்டு எட்டி நின்று படித்தார். சட்டைப் பையில் இரட்டைக் கண்ணாடி ஒன்று இருந்தது. அது பையில் மட்டுமே இருந்தது.

போட்டோகிராபர் கண்ணாடி போடுவது, சமையல்காரர் தனக்கு ருசி தெரியாது என்று போர்டு மாட்டிக்கொள்வதைப் போல என்று எங்கள் தொழிலில் அப்போது ஓர் எண்ணம். சிறு வயதிலிருந்தே கண்ணாடி போட்ட என்னை விழாக்களில் மற்ற பத்திரிகைக்காரர்கள் ‘சோடாபுட்டி’ என்று பாசமாக அழைப்பார்கள். கண்ணாடிக்காரர்கள் படமெடுக்கும்போது அதை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வது வழக்கம். ஏற்று, எடு, இறக்கு, திரையைப் பார், மறுபடி ஏற்று. குன்றத்தூர் கோயில் விழாவில் ஒருவர் இப்படி ஏற்றிய கண்ணாடி கூட்டத்தில் விழுந்து, பக்தகோடிகளின் காலடியில் ஐக்கியமானது. அன்று முதல் நான் கழற்றுவதில்லை.

ஆக, சக்கரத்தை நான் என் கண்ணாடிக்குத் திருப்பி வைப்பேன். சீனியர் தன் வெறுங்கண்ணுக்குத் திருப்பிக்கொள்வார். மறுநாள் நான் மறுபடி திருப்புவேன். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் அவருக்குக் கண் மங்கிவிட்டது என்று ஆகும். ஆனால் ஒரே ஒருமுறை, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், அவராகவே சொன்னார்:

“கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா என்ன செய்வானுங்க தெரியுமா தம்பி? டெஸ்க்ல உக்கார வெச்சு, வாசகர் அனுப்புற கோலப்போட்டியைப் பிரிக்கச் சொல்லுவானுங்க.”

அது நியாயமான பயம். எனக்கு முன்னால் ஒருவரை அப்படித்தான் உட்கார வைத்திருந்தார்கள்.

அந்தக் கோடையின் கடைசியில், பள்ளிகள் திறந்த சமயம், சேலையூர்ப் பக்கம் தண்ணீர் வரவில்லை. ஒரு நாள் காலை, பெண்கள் காலிக் குடங்களோடு கேம்ப் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ்கள் நின்றன. பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஏதோ பரிசளிப்பைப் படமெடுத்துவிட்டு வந்த நான், கழுத்தில் கேமராவோடு அங்கே நின்றேன். சீனியர் தன் மொபெட்டை ஒரு கடை வாசலில் சாய்த்துவிட்டு வந்தார்.

“கழட்டு, கழட்டு. இது ஃபர்ஸ்ட் பேஜ் மேட்டர்.”

கழற்றிக் கொடுத்தேன். கண்ணை வைத்தவர் முகத்தைச் சுளித்தார். சக்கரம் என் கண்ணாடிக்கு ஏற்றபடி இருந்தது. அவருக்கு உள்ளே எல்லாம் கஞ்சியாகத் தெரிந்திருக்கும்.

“அண்ணே, பக்கத்துல அந்தச் சக்கரத்தை...”

“ஃபோக்கஸ் பண்ண எனக்கே சொல்லித் தர்றியா?”

தனியாக இருக்கும்போது திருப்பிக்கொள்ளும் அந்தச் சக்கரத்தை என் கண்ணெதிரே தொட அவருக்கு மனம் வரவில்லை. கேமரா தானாகச் சரியாகத்தான் ஃபோக்கஸ் செய்துகொண்டிருந்தது. அவர் அதை நம்பவில்லை. ஆட்டோ ஃபோக்கஸை நிறுத்திவிட்டு, லென்ஸைக் கையால் திருகித் திருகி, தன் கண்ணுக்குச் சுமாராகத் தெரிந்த இடத்தில் நிறுத்தினார். இதில்தான் சிக்கல். சக்கரம் தப்பாக இருக்கும்போது, கண்ணுக்குச் சரி என்று படும் இடம் கேமராவுக்குச் சரியான இடம் அல்ல. கண் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும். அதற்குப் பயிற்சியே தேவையில்லை.

அப்போது உட்கார்ந்திருந்த பெண்களுக்குப் பின்னாலிருந்து ஒரு கல் பறந்தது. பஸ்ஸின் முன்கண்ணாடி நொறுங்கியது. கண்டக்டரின் நெற்றியில் ரத்தம். போலீஸ் தடியை ஓங்க, குடங்கள் உருண்டன. சீனியர் விடாமல் அமுக்கினார். பின்பக்கத் திரையைத் தூரமாகப் பிடித்துப் பார்த்து, “மாட்டினான்” என்றார். தீப்பெட்டியில் மாட்டியிருந்தான்.

ஆபீஸில் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தோம். முன்னால் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம். அதன் கீறல்களை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. அதற்குப் பின்னால், கை ஓங்கிய ஓர் உருவம். முகம் என்று இருக்க வேண்டிய இடத்தில் நனைந்த சப்பாத்தி மாதிரி ஒன்று.

பொறுப்பாசிரியர் பார்த்தார். அவர் முதல் பக்கத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்த மனிதர். தாம்பரத்திலிருந்து முதல் பக்கத்துக்கு ஏதாவது போனால் அவருக்கு அன்று பப்ஸ்கூட ருசிக்கும்.

“குடம் நல்லா வந்திருக்கு. ஆள் எங்கே?”

“ஷார்ப் பண்ணிடலாம் சார்,” என்றார் பக்கம் வடிவமைப்பவர். அந்த மென்பொருளில் அப்படி ஒரு பொத்தான் இருக்கிறது. அது இல்லாத தெளிவைக் கொண்டுவராது. வெளுப்பை இன்னும் வெளுக்கும், கறுப்பை இன்னும் கறுக்கும், அவ்வளவுதான். அவர் ஒரு தட்டு தட்டினார். உருவத்துக்கு விளிம்பு வந்தது. இன்னொரு தட்டு. மூக்கு மாதிரி ஏதோ வந்தது. இன்னும் ஒன்று. தாடைக்குக் கீழே, ஓங்கிய கையின் நிழல் விழுந்த இடம் கருகருவென்று திரண்டது.

“அட, தாடி!” என்று பொறுப்பாசிரியர் எழுந்தே விட்டார்.

“சார், அது தாடி இல்ல,” என்றேன்.

“பின்ன என்ன?”

“தெரியல சார்.”

“தெரியலைன்னா சும்மா இரு.”

செய்தி ஆசிரியர்கள் மிகவும் வெறுக்கும் பதில் ‘தெரியல’ என்பது. மறுநாள் முதல் பக்கத்தில் படம் வந்தது. கீழே, ‘பஸ் மீது கல் வீசும் தாடி வாலிபர்’. சீனியரின் பெயர் தடித்த எழுத்தில்.

போலீஸ்காரர்களும் பேப்பர் படிப்பார்கள். தாடி வைத்தவர், கேம்ப் ரோட்டில் நேற்று காலை இருந்தவர், இந்த இரண்டும் பொருந்தினால் போதும். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு சந்தின் முனையில் பை, குடை, ஜிப் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் இருந்தார். ஜிப் பாய் என்று பெயர். பள்ளிப் பிள்ளைகளின் பைகளைத் தைத்து, கேம்ப் ரோட்டுப் பள்ளிகளில் கொண்டுபோய்க் கொடுப்பார். நேற்றும் பைகளோடு போய் மறியலில் சிக்கி நின்றிருக்கிறார். தாடியும் இருந்தது. கடையைத் திறந்த கையோடு அவரை அழைத்துப் போய்விட்டார்கள்.

சற்று நேரத்தில் அவர் மனைவி எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார். கையில் எங்கள் பேப்பர். நேராக என் மேசைக்கு வந்து விரித்தார்.

“இன்னா சார் இது? இதுல மூஞ்சி எங்க கீது? காட்டுங்க பார்க்கலாம்.”

“அம்மா, நான் எடுத்த படம் இல்ல...”

“யாரு எடுத்தா இன்னா? மூஞ்சி எங்க கீதுன்னுதான் கேக்குறேன். எங்க வூட்டுக்காரர் கல்லு எட்த்து வுட்டாராம். அந்தாளுக்கு நாய்கூட பயப்படாது சார். சாயங்காலம் கோர்ட்டுக்கு இட்டுகினு போவாங்களாம். உள்ள போட்டா ஜாமீன் கெடைக்காதாம்ல? இஸ்கூல் தொறந்த நேரம் சார். இந்த ஒரு மாசம்தான் எங்களுக்குத் தொழிலே.”

பொதுச்சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு. ஜாமீன் சுலபத்தில் கிடைக்காது என்பது உண்மைதான். பொறுப்பாசிரியர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “விசாரணை நடக்குதும்மா, சட்டம் தன் கடமையைச் செய்யும்” என்றார். அது எங்கள் பேப்பரில் தினமும் வரும் வாக்கியம். நேரில் கேட்க இன்னும் மோசமாக இருந்தது.

அந்த அம்மா போகவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்.

இதற்குள் இன்ஸ்பெக்டர் போனில் சீனியரைப் பிடித்து, ஆளை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார். சீனியர், “தெளிவா பார்த்தேன் சார்” என்று சொல்லிவிட்டார். வேறு என்ன சொல்வார்? பார்க்காமல் எடுத்தேன் என்றா? மதியம் வந்து வாக்குமூலம் கொடுத்தால் போதும் என்றார் இன்ஸ்பெக்டர். பொறுப்பாசிரியர், ‘குற்றவாளியைக் காட்டிக்கொடுத்த நமது படம்’ என்று அடுத்த நாள் தலைப்பையே தயார் செய்துவிட்டார்.

நான் செய்தது ஒன்றுதான். கேமராவின் கார்டில் மூலப் படம் அழியாமல் இருந்தது. அதைப் பக்கத்து ஸ்டுடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு உறையில் வைத்துக்கொண்டு, “நானும் வர்றேண்ணே” என்று சீனியரின் மொபெட்டில் பின்னால் ஏறினேன். பொறுப்பாசிரியரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. மொபெட்டை நிறுத்திவிட்டு நின்றோம். உறையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினேன். அவர் கையை நீட்டித் தூரமாகப் பிடித்தார்.

“இதுல தாடி இல்லண்ணே. அது ஆபீஸ்ல முளைச்சது.”

அவர் படத்தை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மின்சார ரயில் ஒன்று போனது. கேட் திறந்தது.

“ஏறு,” என்றார்.

ஸ்டேஷனில் ஜிப் பாய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் மேசையில் எங்கள் முதல் பக்கம். அதை எடுத்துப் பார்க்க அவர் கண்ணாடியைத் தேடினார், மேசை இழுப்பறையில் இருந்தது. எங்கள் சீனியருக்கு இருந்த வெட்கம் போலீஸ் துறையில் இல்லை என்பதைக் கவனித்தேன். நான் மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்தேன்.

“சார், இந்தக் குடத்தைப் பாருங்க. கேமரா தெளிவா பார்த்தது குடத்தை மட்டும்தான். பின்னாடி இருக்கிற ஆளை அது பார்க்கவே இல்ல.”

“அப்ப பேப்பர்ல தாடி?”

“கம்ப்யூட்டர்ல வந்தது சார்.”

“கம்ப்யூட்டர் தாடி வளர்க்குமா?” என்று அவர் சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஸ்டேஷன் ரைட்டர் கடமைக்குச் சிரித்தார். “ஏன்யா, உங்க பேப்பர் படம் பொய்யுன்னு நீயே சொல்றியா?”

“இந்த முகம் பொய் சார். குடம் உண்மை.”

“நீ எடுத்த படமா?”

“இல்ல சார்.”

“எடுத்தவர் தெளிவா பார்த்தேங்கறார். நீ எதுக்கு நடுவுல? கண்டக்டர் பார்க்கல, டிக்கெட் கிழிச்சிக்கினு இருந்தாராம். இவரு ஒருத்தர்தான் சாட்சி.” சீனியர் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சார். நேத்து கல்லு விட்டது இந்த ஆள்தானே?”

இங்கேதான், தம்பிகளே, கொஞ்சம் நிதானிக்க வேண்டும். என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. ‘இவருக்குக் கண்ணே தெரியாது சார்’. சொன்னால் அடுத்த நிமிடம் ஜிப் பாய் வெளியே வந்திருக்கலாம். அல்லது சீனியர் ரோஷத்தில், ‘யாருக்குடா கண் தெரியாது, இவன்தான்’ என்று அழுத்திச் சொல்லி, பாய் நிரந்தரமாக உள்ளே போயிருக்கலாம். மனிதரை மூலையில் நெருக்கினால் அவர் பொய்யின் பக்கம்தான் சாய்வார். இருபது வருடம் தலைவர்களின் முகத்தைப் படமெடுத்ததில் எனக்குக் கிடைத்த ஒரே கல்வி அது. வாயை மூடிக்கொண்டேன். அது எளிதாக இல்லை.

பேசியது ஜிப் பாய்தான்.

“அண்ணே, தூரக்க நின்னுகினு பார்த்தா எல்லாத் தாடியும் ஒரே தாடிதான். கொஞ்சம் கிட்ட வந்து என் மூஞ்சியப் பாருண்ணே. பார்த்துட்டு இன்னா வேணாலும் சொல்லு. நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

சீனியர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். துடைத்தார். இன்ஸ்பெக்டர், ரைட்டர், நான், லாக்கப்புக்குள் இருந்த யாரோ ஒருவர், அத்தனை பேர் முன்னாலும் போட்டுக்கொண்டார். பாயின் எதிரே போய் நின்று, தலையைத் தூக்கி, பிறகு தாழ்த்தி, அந்த முகத்தை மெதுவாகப் பார்த்தார்.

“இவரை நான் நேத்து பார்க்கல சார்.”

“போன்ல தெளிவா பார்த்தேன்னீங்க?”

“தெளிவா யாரையுமே பார்க்கல. கண்ணாடி போடாம எடுத்தேன். ஏதோ கை தூக்கிச்சு, அமுக்கினேன்.”

“சார், இது என்ன விளையாட்டா? எழுதிக் குடுப்பீங்களா?”

“குடுங்க பேப்பர்.”

எழுதும்போதும் கண்ணாடியைக் கழற்றவில்லை. அவர் கையெழுத்து அவ்வளவு அழகு என்பதை அன்றுதான் பார்த்தேன். அதுவரை அவர் எழுதியதெல்லாம் கோட்டுக்கு வெளியே போகும்.

கூப்பிட்டால் வர வேண்டும், வெளியூர் போகக் கூடாது என்றெல்லாம் மிரட்டி, சாயங்காலத்துக்குள் பாயை அனுப்பிவிட்டார்கள். சாட்சி இல்லாமல் கோர்ட்டில் நிற்க இன்ஸ்பெக்டர் விரும்பவில்லை. வாசலில் பாயின் மனைவி நின்றிருந்தார். நாங்கள் மொபெட்டை எடுக்கப் போனபோது ஜிப் பாய் குறுக்கே வந்தார்.

“அண்ணே, எங்க போறே? ஊரு பூரா அந்தப் படத்தைப் பார்த்துச்சு. நாளைக்கு இஸ்கூல்காரங்க பை குடுப்பாங்களா? கல்லு வுட்றவன் கையில புள்ளைங்க பையைக் குடுப்பாங்களா? என் மூஞ்சிய நல்லாத் தெரியுற மாதிரி ஒண்ணு எடுத்து, இவன் அவன் இல்லன்னு போடு.”

“இவரை எடுக்கச் சொல்லு பாய்,” என்று சீனியர் என்னைக் காட்டினார்.

“அதெல்லாம் இல்ல. கெடுத்தது நீ. நீயே எடு. கண்ணாடி போட்டுகினு எடு.”

அவர் மனைவி அன்று முதல் தடவையாகச் சிரித்தார். சீனியர் என் கழுத்திலிருந்த கேமராவை வாங்கினார். சக்கரம் நான் வைத்த இடத்தில் இருந்தது. கண்ணாடி போட்ட கண்ணுக்கு அது யாருடையதாக இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் அதைத் தொடாமலே எடுத்தார். தாடியின் ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனியாக வந்தது. முதல் பக்கத்தில் வந்த கறுந்தாடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பொறுப்பாசிரியர் படத்தைப் பார்த்துப் பாராட்டினார். போட மறுத்தார்.

“அருமையான போட்டோ. ஆனா, எதுவுமே செய்யாதவன் படத்தை எதுக்குப்பா போடுறது? இதுல என்ன நியூஸ் இருக்கு?”

மறுநாள் உள்பக்கத்தில், மின்தடை அறிவிப்புக்குக் கீழே, இரண்டு வரியில் ஒரு திருத்தம் வந்தது. அதைப் படிக்க என் கண்ணாடி போதவில்லை.

சீனியர் லீவு போட்டார். ஸ்டுடியோவில் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, எங்கள் முதல் பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கேம்ப் ரோட்டில் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினார். ஒரு பள்ளிக்கு நானும் கூடப் போனேன். தலைமையாசிரியை ஒரு கையில் அதையும் ஒரு கையில் இதையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டும் நீங்க எடுத்ததா?”

“ஆமா மேடம். அது தப்பு. இதுதான் ஜிப் பாய்.”

“இது எவ்ளோ தெளிவா இருக்கு. பேப்பர்ல இதைப் போட்டிருக்கலாமே?”

சீனியர் மூக்கிலிருந்து சரிந்த கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார்.

“தெளிவா இருக்குல்ல மேடம், அதான் போடல.”

அந்த அம்மையார் சிரிக்கவில்லை. படத்தை மேசைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டு, வாசலில் நின்ற பியூனைக் கூப்பிட்டு, ஜிப் போன பைகளையெல்லாம் வகுப்பு வாரியாகச் சேர்த்து வைக்கச் சொன்னார். பாய் நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வார் என்றார்.